மோட்டார் சுத்தவில்லையா? கரண்டு வரும் வழியை நடந்து பாருங்கள்



வழமையாக இந்தப் பக்கத்தில் ஊழியர் சேமலாப நிதிப் படிவம் நிரப்புவது, பிள்ளைகளின் போசாக்கு, குடிநீரைக் கொதிக்க வைப்பது போன்ற விஷயங்களையே நாம் எழுதி வருகிறோம். இம்முறை பாடம் சற்று வேறு. ஒரு சிறிய மோட்டாரையும், அதை ஓட்ட உத்தரவு கொடுக்கும் ஒரு சின்னஞ்சிறு 'சிப்'பையும் பற்றியது. "இது படிச்ச பிள்ளைகளுக்கு உள்ள சங்கதி, நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கடைசிவரை வாசியுங்கள். ஸ்டோரில் வேலை செய்கிறவர்களுக்கும், பிள்ளைகளைப் படிக்க வைக்கிற தாய் தகப்பனுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஒரு தாய் ஒருநாள் அந்திக்கு நம்மிடம் வந்தார். "ஐயா, இந்தப் பயலுக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்க. படிப்பு வேணாமாம். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போறானாம்" என்றார். மகன் பதுளையில் உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவில் படிக்கிறான். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வருகிற பிள்ளை. செய்முறைக்காக, கொழுந்து வாட்டும் தொட்டி மாதிரி ஒன்றை அட்டைப் பெட்டியில் செய்திருக்கிறான். பெட்டிக்குள் வெப்பநிலை மாறினால் விசிறி தானாகவே சுற்ற வேண்டும். அதற்குத் தேவையான போர்டையும் சாமான்களையும் தீபாவளி முற்பணத்தில் மிச்சம் வைத்த காசில்தான் தாய் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

ஆனால் விசிறி சுற்றவில்லை. கொண்டுபோய்க் காட்டிய இடத்தில், "போர்டு எரிஞ்சு போச்சு, வேற ஒண்ணு வாங்கணும்" என்று ஒரே பேச்சில் சொல்லிவிட்டார்கள். லயத்திலும் சிலபேர், "கொழுந்துக் காசைக் கொண்டுபோய் குப்பையில போட்டுட்டான்" என்று பேசினார்களாம். பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. அம்மாவிடம் இன்னொரு தடவை காசு கேட்க அவனுக்கு மனம் வரவில்லை. அதனால்தான் கொழும்புக்குப் போகும் யோசனை.

உண்மையைச் சொல்வதென்றால், நமக்கு இந்த வித்தை தெரியாது. நாம் படித்தது சாதாரண தரம் வரைதான். ஆனால் இத்தனை வருஷ நலன்புரி வேலையில் ஒன்றைக் கற்றிருக்கிறோம். ஒரு முறைப்பாடு வந்தால் ஒருவர் சொன்னதை மாத்திரம் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். ஆகவே அந்தத் தம்பியையும் அவனுடைய பெட்டியையும் கூட்டிக்கொண்டு, ஸ்டோரில் நெடுங்காலம் எலக்ட்ரீசியனாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் போனோம்.

பெரியவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, கீழ் லயத்துப் பீலியில தண்ணி வரலைன்னா என்னா செய்வோம்?"

"மேல டாங்கியில இருந்து பைப்பை நடந்து பாப்போம் மாமா."

"அதேதான் இதுவும். மோட்டாரையும் திட்டாத, போர்டையும் திட்டாத. கரண்டு எந்த வழியா வருதுன்னு நடந்து பாரு. எந்த இடத்துல நிக்குதோ அங்கதான் கோளாறு."

அன்று இரவு பத்து மணிவரை அந்த வழியைத்தான் மூவரும் நடந்தோம். நாம் பார்த்ததையும் படித்ததையும் படிப்படியாக இங்கே தருகிறோம்.

மூளை வேறு, பலம் வேறு

முதலில் இந்த நுண்கட்டுப்படுத்தி என்றால் என்னவென்று பார்ப்போம். கணக்குப் பார்க்கும் மூளை, ஞாபகம் வைத்திருக்கும் இடம், வெளியில் உள்ளவற்றோடு பேசும் கால்கள் ஆகிய மூன்றும் ஒரே சிப்பில் அடங்கியிருப்பதே நுண்கட்டுப்படுத்தி. கொழுந்து நிறுக்கும் டிஜிட்டல் தராசுக்குள் இருப்பது இதுதான். துணி துவைக்கும் இயந்திரத்திலும் இது உண்டு.

1971ஆம் ஆண்டு அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் 4004 என்ற சிப்பை விற்பனைக்கு விட்டது. கடையில் வாங்கக்கூடிய ஒரே சிப்பில் மூளையை அடக்கிய காலம் அங்கிருந்து தொடங்குகிறது. பிற்பாடு 2005இல் இத்தாலியின் இவ்ரேயா என்ற ஊரில், மாணவர்கள் குறைந்த செலவில் பழகட்டும் என்று சிலர் சேர்ந்து 'ஆர்டுயினோ' என்ற போர்டை உருவாக்கினார்கள். அதில் 'ஊனோ' என்ற வகைதான் நம்முடைய தம்பி வாங்கியது. அதிலிருக்கும் சிப்பின் பெயர் ஏடிமெகா 328பி. அது 5 வோல்ற்றில் வேலை செய்யும்.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒன்றை நன்றாகக் கவனிக்க வேண்டும். இந்தச் சிப்பின் ஒரு கால் தாராளமாகக் கொடுக்கக்கூடிய மின்னோட்டம் 20 மில்லி அம்பியர் அளவுதான். 40 மில்லி அம்பியரைத் தாண்டினால் சிப் பழுதாகும். ஆனால் விளையாட்டுக் காரில் வரும் ஒரு சின்ன மோட்டார்கூட, சும்மா சுற்றுவதற்கே 100, 200 மில்லி அம்பியர் கேட்கும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதும், எதிலாவது சிக்கி நிற்கும்போதும் அதைப்போல் பல மடங்கு இழுக்கும்.

பிரட்டுக்களத்தில் கங்காணி, "இன்னைக்கு அந்த மலைக்குப் போங்க" என்று உத்தரவு சொல்வார். மூட்டையைத் தூக்குவது அவரில்லை. சிப்பும் அப்படித்தான். அது உத்தரவு மட்டும் சொல்லும். பலம் பற்றரியிலிருந்து வர வேண்டும். உத்தரவை வாங்கிக்கொண்டு பலத்தைத் திறந்துவிட நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த நடு ஆள்தான் திரான்சிஸ்டர். மோட்டாரை நேரே சிப்பின் காலில் கொழுவிவிட்டு, "சுத்தவில்லையே" என்று நிற்பதுதான் பழகுகிற பிள்ளைகள் செய்யும் முதல் பிழை. தம்பி அந்தப் பிழையைச் செய்யவில்லை, திரான்சிஸ்டர் போட்டிருந்தான். அப்படியென்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

முதலாம் படி: மோட்டாரைத் தனியாக விசாரியுங்கள்

போர்டிலிருந்து மோட்டாரைக் கழற்றி, நேரே பற்றரியில் வைத்துப் பாருங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது. சுற்றாவிட்டால் போர்டைத் தொடவே வேண்டியதில்லை. அச்சு இறுகியிருக்கலாம், கார்பன் தேய்ந்திருக்கலாம், வயர் பற்றாசு விட்டிருக்கலாம். விரலால் சுற்றிப் பார்த்தால் இறுக்கம் உடனே தெரியும்.

தம்பியுடைய மோட்டார் பெரியவரின் டோர்ச் பற்றரி இரண்டில் நன்றாகச் சுற்றியது. ஒரு சாட்சி முடிந்தது.

இரண்டாம் படி: பற்றரியை வேலை செய்யும்போது அளந்து பாருங்கள்

தம்பி பாவித்தது 9 வோல்ற்றுச் சதுரப் பற்றரி. மல்டிமீற்றரில் வைத்தால் 9க்குக் கிட்டக் காட்டியது. "பற்றரி நல்லாத்தானே மாமா இருக்கு" என்றான். பெரியவர் சிரித்துக்கொண்டே மோட்டாரைக் கொழுவிவிட்டு, "இப்ப அளந்து பாரு" என்றார். முள் சரிந்தது. 4 வோல்ற்றுகூட இல்லை.

இந்தச் சதுரப் பற்றரி புகை எச்சரிக்கைக் கருவி, சின்ன ரேடியோ போன்ற கொஞ்சமாகக் கரண்டு குடிக்கிற சாமான்களுக்காகச் செய்தது. அதன் உள்தடை அதிகம். மோட்டார் மாதிரிப் பெருங்குடிகாரனுக்கு அது ஈடுகொடுக்காது. டாங்கியில் தண்ணீர் நிறைய இருந்தும் பைப் ஒடுக்கமாக இருந்தால், ஒரு பீலியைத் திறந்தவுடனே மற்றப் பீலியில் தண்ணீர் நிற்பதில்லையா? அதுபோலத்தான். ஆகவே சும்மா இருக்கும்போது எடுத்த அளவை நம்ப வேண்டாம். மோட்டார் ஓடும்போது, அல்லது ஓட முயலும்போது அளந்து பாருங்கள். இந்த மாதிரி 3 முதல் 6 வோல்ற்று மோட்டாருக்குச் சாதாரண பென் டோர்ச் பற்றரி நான்கை வரிசையாகப் போட்டால் 6 வோல்ற்று வரும். அது போதும்.

இன்னொன்று. வோல்ற்று அளக்கும்போது மல்டிமீற்றரின் சிவப்பு வயர் அம்பியர் துவாரத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் அது பற்றரிக்கே குறுக்குச் சுற்று ஆகிவிடும்.

மூன்றாம் படி: உத்தரவு வருகிறதா என்று பாருங்கள்

இனி மூளையை விசாரிப்போம். தம்பியின் புரோகிராமில் சென்சர், கணக்கு, விசிறி எல்லாம் சேர்ந்து இருந்தது. இத்தனையும் ஒன்றாக இருந்தால் எது பிழை என்று எப்படித் தெரியும்? சென்சரைக் கழற்றி ஒருபக்கம் வைத்துவிட்டு, காலை இரண்டு செக்கன் 'ஓன்', இரண்டு செக்கன் 'ஓஃப்' என்று மாற்றுகிற நாலு வரிப் புரோகிராமை எழுதச் சொன்னோம். அந்தக் காலுக்கும் போர்டின் தரைக்கும் இடையில் ஒரு தடையியோடு சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்றைக் கொழுவினோம். விளக்கு மின்னி மின்னி எரிந்தது. மல்டிமீற்றரை அந்தக் காலுக்கும் தரைக்கும் இடையில் வைத்தபோது ஓன் ஆகும்போது 5 வோல்ற்று, ஓஃப் ஆகும்போது 0.

தம்பியின் முகத்தைப் பார்த்தோம். போர்டு எரியவில்லை. எரிந்துவிட்டது என்று சொன்னவர்கள் அளந்து பார்த்துச் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லால் ஒரு பிள்ளை படிப்பை விடப் பார்த்தானே என்று நமக்கு உள்ளுக்குள் வலித்தது.

விளக்கு எரியாவிட்டால் என்ன செய்வது? அந்தக் காலை 'வெளியீடு' என்று புரோகிராமில் அறிவித்திருக்கிறோமா, வயரைக் கொழுவிய காலின் இலக்கமும் எழுதிய இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். 13ஆம் காலுக்குப் போர்டிலேயே ஒரு விளக்கு உண்டு. அதை வைத்தும் சோதிக்கலாம்.

நான்காம் படி: நடு ஆளை விசாரியுங்கள்

மோட்டார் நல்லது, மூளை நல்லது. அப்படியென்றால் நடுவில் உள்ள திரான்சிஸ்டரைப் பார்க்க வேண்டும். தம்பி போட்டிருந்தது பிசி 547. அது 100 மில்லி அம்பியர் வரைக்கும்தான் தாங்கும். சின்னப் பிள்ளையின் தலையில் கொழுந்து மூட்டையை ஏற்றிய கதைதான்.

மல்டிமீற்றரில் இருவாயிச் சின்னம் உள்ள இடத்துக்குத் திருப்பி, நடுக்காலான 'பேஸ்'இல் சிவப்பு வயரை வைத்து, மற்ற இரண்டு கால்களையும் கறுப்பு வயரால் தொட்டுப் பார்க்கலாம். நல்லதாக இருந்தால் இரண்டு பக்கமும் 0.6, 0.7 என்று காட்டும். வயரை மாற்றி வைத்தால் ஒன்றும் காட்டாது. இந்தத் திரான்சிஸ்டர் எந்தப் பக்கம் வைத்தாலும் 'கீ' என்று சத்தம் போட்டது. எரிந்திருந்தது இதுதான், போர்டு அல்ல.

அதற்குப் பதிலாக டிப் 120 என்ற வகையைப் போட்டோம். அது 5 அம்பியர் வரைக்கான சாமான். பதுளை டவுனில் வாங்கினால் பிளேன் டீயும் வடையும் சாப்பிடுகிற காசுதான் ஆகும். பெரியவரின் பழைய டப்பாவில் ஒன்று கிடந்தது நம்முடைய அதிர்ஷ்டம். கொழுவும் விதம் இதுதான்:

பற்றரியின் நேர் முனையிலிருந்து மோட்டார். மோட்டாரின் மற்ற முனையிலிருந்து திரான்சிஸ்டரின் 'கலெக்டர்' கால். 'எமிட்டர்' கால் பற்றரியின் மறை முனைக்கு. போர்டின் உத்தரவுக் காலிலிருந்து 1000 ஓம் தடையி வழியாக 'பேஸ்' காலுக்கு. 1000 ஓம் தடையியின் நிறக்கோடுகள் மண்ணிறம், கறுப்பு, சிவப்பு.

கால்களின் வரிசை வகைக்கு வகை மாறும். பிசி 547இல் நடுக்கால் பேஸ். டிப் 120இல் எழுத்துள்ள முகத்தை நம் பக்கம் வைத்தால் இடது கால் பேஸ், நடுக்கால் கலெக்டர், வலது கால் எமிட்டர். இதைப் பார்க்காமல் பழைய இடத்தில் அப்படியே குத்தினால் மறுபடியும் அதே கதைதான்.

திரான்சிஸ்டர் எரிந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மோட்டாருக்குள் இருப்பது செம்புக் கம்பிச் சுருள். ஓடிக்கொண்டிருக்கும் கரண்டைத் திடீரென்று நிறுத்தினால் அந்தச் சுருள் ஒரு நொடிக்குள் பெரிய வோல்ற்றை எதிர்த்து உதைக்கும். பெருந்தண்ணீர் வரும் பீலியை டக்கென்று மூடினால் பைப் 'டொம்' என்று அதிர்வதில்லையா? அதுதான் இது. அந்த உதையை வாங்கிக்கொள்ள மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 1என்4007 என்ற இருவாயியைப் போட வேண்டும். அதன் வெள்ளைக் கோடு உள்ள பக்கம் பற்றரியின் நேர் முனைப் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் அது குறுக்குச் சுற்றாகித் திரான்சிஸ்டரையே கொன்றுவிடும். தம்பி இருவாயியே போடவில்லை. பெரியவர், "இது இல்லாம ஓட விடமாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ஐந்தாம் படி: இரண்டு தரையையும் ஒன்றாக்குங்கள்

புதுத் திரான்சிஸ்டர், இருவாயி, நான்கு பற்றரி எல்லாம் போட்டாயிற்று. சுவிட்சைப் போட்டோம். விசிறி அசையவில்லை. தம்பி சோர்ந்து தலையில் கையை வைத்துவிட்டான். நமக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பெரியவர் மட்டும் அசரவில்லை. "வழியை முழுசா நடந்தியா? போற வழியைப் பாத்த. திரும்பி வர்ற வழியைப் பாத்தியா?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். போர்டுக்குக் கரண்டு வருவது யூ.எஸ்.பி. வயரில். மோட்டாருக்கு வருவது தனிப் பற்றரியில். இரண்டுக்கும் இடையில் தொடர்பே இல்லை. மின்னோட்டம் போய்த் திரும்பி வந்தால்தான் ஓடும். போர்டு அனுப்பிய உத்தரவு திரான்சிஸ்டருக்குள் போய்விட்டுத் திரும்பிப் போர்டுக்கு வர வழி இருக்கவில்லை. பற்றரியின் மறை முனையிலிருந்து போர்டில் ஜி.என்.டி. என்று எழுதியிருக்கும் துவாரத்துக்கு ஒரே ஒரு வயரைக் கொழுவினோம்.

விசிறி சுற்றியது. அட்டைப் பெட்டியில் பரப்பியிருந்த நாலு தேயிலை இலையும் படபடத்தன. பெரியவரின் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

நேர் முனைகளை மாத்திரம் ஒன்றாக்கக் கூடாது. 5 வோல்ற்றும் 6 வோல்ற்றும் சண்டை பிடிக்கும். ஒன்றாக வேண்டியது மறை முனைகள்தான்.

ஆறாம் படி: விக்கல் எடுக்கிறதா?

சந்தோஷத்தில் தம்பி யூ.எஸ்.பி. வயரைக் கழற்றிவிட்டு, போர்டுக்கும் அதே நான்கு பற்றரியையே கொழுவினான். விசிறி ஒரு வெட்டு வெட்டி நின்றது. மறுபடி ஒரு வெட்டு. விக்கல் எடுக்கிற மாதிரி. போர்டிலுள்ள விளக்கும் கூடவே மின்னியது.

இதுவும் அடிக்கடி வரும் கோளாறு. மோட்டார் கிளம்பும்போது கரண்டை இழுத்துக்கொள்கிறது. போர்டுக்கு வரும் வோல்ற்று சரிகிறது. சிப் மயங்கி விழுந்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. ஆரம்பித்ததும் மறுபடி மோட்டாரை ஓன் பண்ணுகிறது, மறுபடி மயங்குகிறது. இதற்கு மருந்து, மூளைக்கு ஒரு கரண்டும் மோட்டாருக்கு வேறு கரண்டும் கொடுப்பது. போன் சார்ஜரின் 5 வோல்ற்றை யூ.எஸ்.பி. வழியாகப் போர்டுக்குக் கொடுத்து, மோட்டாருக்குப் பற்றரியை விட்டு, மறை முனைகளை மட்டும் சேர்த்தோம். விக்கல் நின்றது. மோட்டாரின் கார்பன் பொறி விடுவதாலும் சிப் குழம்புவதுண்டு. அதற்கு மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 104 என்று எழுதிய சின்னக் கொள்ளளவி ஒன்றைப் பற்றாசு வைக்கலாம்.

வேகத்தைக் குறைக்கும்போது மோட்டார் 'ம்ம்' என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நிற்பதும் உண்டு. சிப் கரண்டை வேகமாக ஓன், ஓஃப் செய்துதான் வேகத்தைக் குறைக்கிறது. 0 முதல் 255 வரை இலக்கம் கொடுக்கலாம். மிகச் சின்ன இலக்கத்தில் மோட்டாருக்குக் கிளம்பும் பலம் போதாது. முதலில் ஒரு கணம் 255 கொடுத்துக் கிளப்பிவிட்டு, பிறகு குறைக்கச் சொல்லி எழுதினால் சரிவரும்.

ஸ்டோரில் உள்ள பெரிய விசிறியும் இதே கதைதான்

இனி ஸ்டோரில் வேலை செய்வோருக்கு. பறித்த கொழுந்தில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு வரை தண்ணீர். வாட்டும் தொட்டியில் அடியிலிருந்து காற்றை ஊதித்தான் அதைக் குறைக்கிறோம். ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று அடிக்கும் காலத்தில் கொழுந்து சீக்கிரம் வாடிவிடும். மப்பும் மழையுமான நாளில் வாடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஆகவே விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதற்கு இன்று பல ஸ்டோர்களில் 'இன்வேர்ட்டர்' பெட்டிகள் வந்திருக்கின்றன. விசிறியின் வேகத்தை 20 வீதம் குறைத்தால் காற்றும் ஏறக்குறைய 20 வீதம்தான் குறையும். ஆனால் மோட்டாருக்குத் தேவையான வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். இதனால்தான் நிர்வாகங்கள் இதை விரும்புகின்றன.

அந்தப் பெட்டிக்குள்ளும் மூளை ஒரு நுண்கட்டுப்படுத்திதான். பலம் தனி, உத்தரவு தனி, நடு ஆள் தனி. ஆனால் தம்பியின் பெட்டியில் ஓடியது 6 வோல்ற்று, ஸ்டோரில் ஓடுவது 400 வோல்ற்று மூன்று பேஸ். ஆகவே நமது கையால் வழியை நடந்து பார்க்கும் வேலை அங்கே வேண்டாம். அது தகுதியுள்ள எலக்ட்ரீசியனின் வேலை. தொழிலாளராக நாம் செய்ய வேண்டியவை நான்கு.

ஒன்று. விசிறி நின்றுவிட்டால் பெட்டியின் முகப்பில் ஓர் எழுத்தும் இலக்கமும் தெரியும். அதுதான் பெட்டி கொடுக்கும் வாக்குமூலம். கரண்டு அதிகமா, சூடு கூடியதா, ஒரு பேஸ் வரவில்லையா என்பதை அது சொல்லும். 'ரீசெட்'டை அழுத்துமுன் அதை எழுதி வையுங்கள். அழுத்தினால் முகப்பிலிருந்து அழிந்துவிடும். பிறகு பழி யார்மேல் வரும்? கடைசியாகத் தொட்டவர்மேல்தான். எழுதி வைத்த இலக்கமே உங்களுக்குப் பாதுகாப்பு.

இரண்டு. ரீசெட்டைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம். நோயைப் பார்க்காமல் தட்டி எழுப்புவதால் மோட்டாரும் போகும், பெட்டியும் போகும்.

மூன்று. நின்றிருக்கும் விசிறியைச் செத்த விசிறி என்று நினைக்க வேண்டாம். அது உத்தரவுக்குக் காத்திருக்கலாம். சில பெட்டிகளைக் கரண்டு வந்தவுடனோ சிறிது நேரம் கழித்தோ தானாகவே மறுபடி ஓடும்படி வைத்திருப்பார்கள். இடியும் மின்னலுமான ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் கரண்டு போய் வருவது நமக்குப் புதிதல்ல. விசிறியில் சிக்கிய கொழுந்தையோ சாக்கையோ எடுக்கக் கையை விடுமுன், பிரதான சுவிட்சை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும். "ஒரு நிமிஷ வேலைதானே" என்ற சொல்லை நம்பாதீர்கள். பூட்டுக் கொடுக்கவில்லை என்றால் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

நான்கு. சுவிட்சை இறக்கிய பிறகும் பெட்டிக்குள் உள்ள கொள்ளளவிகளில் 500 வோல்ற்றுக்கு மேல் தேங்கி நிற்கும். வடிவதற்குப் பல நிமிஷம் எடுக்கும். எவ்வளவு நேரம் என்று பெட்டியிலேயே எழுதியிருப்பார்கள். விளக்கு அணைந்துவிட்டது என்று மூடியைக் கழற்றுவது ஆபத்து. பெட்டியின் காற்றுத் துவாரத்தில் தேயிலைத் தூசி அடைத்து அடிக்கடி சூடேறி நிற்கிறது என்றால், எலக்ட்ரீசியனிடம் சொல்லிச் சுத்தம் பண்ணுவியுங்கள். நீங்களாகக் கம்பியால் குத்த வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு நம் நாட்டில் 2013இல் ஆரம்பமானது. எல்லாத் தோட்டப் பாடசாலைகளிலும் அது இல்லை. தூரம் போய்த்தான் படிக்க வேண்டியிருக்கிறது. பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தொழினுட்பக் கல்லூரி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் பயிற்சிகளும் உண்டு. இன்றைக்கு இன்வேர்ட்டர் பெட்டி பழுதானால் வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது. அந்த ஆள் ஏன் நம் லயத்துப் பிள்ளையாக இருக்கக் கூடாது?

பழகும் பிள்ளை ஒரு திரான்சிஸ்டரை எரிப்பான், இரண்டை எரிப்பான். அது நட்டமல்ல, படிப்புச் செலவு. ஆனால் வீட்டில் 230 வோல்ற்றுப் பிளக்கில் கை வைத்துப் பழக விட வேண்டாம். பற்றரியும் போன் சார்ஜரும் போதும்.

அன்றிரவு வீட்டுக்குத் திரும்பும்போது அந்தத் தாய் நம்மிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப காசு வீணாப் போகலையா ஐயா?"

"இல்லம்மா. போர்டு நல்லாத்தான் இருக்கு" என்றோம்.

தம்பி கொழும்புக்குப் போகவில்லை. பரீட்சை இன்னும் வரவில்லை, அதனால் பெறுபேறு பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் இப்போது லயத்தில் யாருடைய டோர்ச்சோ ரேடியோவோ பழுதானாலும் அவனிடம்தான் வருகிறார்கள். அவனும் உடனே தீர்ப்புச் சொல்வதில்லை. "இருங்க, வழியை நடந்து பாப்போம்" என்கிறான்.

ஞாபகத்தில் வைக்க

1. மோட்டாரைத் தனியாகச் சோதிக்கவும்.
2. பற்றரியை மோட்டார் இழுக்கும்போது அளக்கவும்.
3. உத்தரவுக் காலில் தடையியோடு விளக்கைக் கொழுவி, உத்தரவு வருகிறதா என்று பார்க்கவும்.
4. திரான்சிஸ்டரின் தாங்கும் அளவு, கால் வரிசை, இருவாயியின் கோடு ஆகியவற்றைச் சரிபார்க்கவும்.
5. மறை முனைகளை ஒன்றாக்கவும்.
6. விக்கல் எடுத்தால் மூளைக்கும் மோட்டாருக்கும் தனித்தனிக் கரண்டு கொடுக்கவும்.

பிள்ளைகளுக்குச் சில கேள்விகள்

1. 9 வோல்ற்றுப் பற்றரி 9 என்று காட்டியும் மோட்டாரை ஏன் ஓட்டவில்லை?
2. விளக்கு எரிகிறது, மோட்டார் சுற்றவில்லை. நல்லது என்று தெரிந்துகொண்டது எதை? இன்னும் பார்க்க வேண்டியவை எவை?
3. ஸ்டோர் விசிறி நின்றவுடன் முதலில் எழுதி வைக்க வேண்டியது என்ன? ஏன்?

விடைகளை வீட்டில் உள்ளவர்களுக்கு வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள். விளங்காத இடம் இருந்தால் தோட்ட நலன்புரிக் காரியாலயத்துக்கு வாருங்கள். நமக்குத் தெரிந்ததைச் சொல்வோம். தெரியாததற்கு அந்தப் பெரியவரிடம் சேர்ந்து போவோம்.